மணிக்கட்டில் ஒரு கணினி: அழகா, அவசியமா?

கரியாஹாட் நாற்சந்தியின் நடைபாதைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கைக்கடிகாரம் கிடைக்கிறது. அது மணியைச் சரியாகவே காட்டுகிறது. 2015 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்த ஆப்பிள் வாட்ச்சின் தொடக்க விலையோ முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். இந்த விலை வேறுபாட்டிற்கு ஈடாக நாம் பெறுவது என்ன? கடன் அட்டைத் தவணையில் இதனை வாங்கலாமா என்று வாடிக்கையாளர்கள் வினவும் இந்நாளில், இக்கேள்வியை எழுப்புவது வங்கியாளராகிய நமது கடமையே.

முதலில் பயன். ஸ்மார்ட் வாட்ச் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. 2013-இல் வந்த சாம்சங் கேலக்ஸி கியர் அந்நிறுவனத்தின் சில கைப்பேசிகளோடு மட்டுமே இணைந்தது. ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் வேண்டும். கைப்பேசியை மாற்றினால் கடிகாரத்தையும் மாற்ற நேரிடலாம். 2015-இல் வந்த ஆப்பிள் வாட்ச்சுக்கு ஆப்பிள் குறிப்பிட்ட மின்கல ஆயுள் 18 மணி நேரம். ஆகவே இரவுதோறும் மின்னேற்ற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, கையை உயர்த்தினாலோ திரையைத் தொட்டாலோதான் அதில் மணி தெரிந்தது. கடிகாரத்தின் முதற்பணியே அங்கு இரண்டாம் இடத்திற்குப் போய்விட்டது. மின்தாள் திரை கொண்ட பெபிள் மட்டும், ஆடம்பரத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு வாரம் வரை உழைத்தது.

எனினும் பயனே இல்லை என்று கூறிவிட இயலாது. நெரிசலான பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பற்றி நிற்பவருக்கு, அழைப்பது யார் என்பதை மணிக்கட்டே சொல்லிவிடுவது உதவிதான். செவித்திறன் குறைந்தவருக்கு, தோலில் உணரப்படும் அதிர்வு ஒலியினும் மேலானது. நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வோருக்கு அடிகளின் கணக்கு ஊக்கம் தரும்.

அடுத்து அழகு. 2014-இல் வந்த மோட்டோ 360-இன் வட்ட முகம், இவ்வகைக் கருவியும் கடிகாரம் போலத் தோன்றலாம் என்று காட்டியது. தமிழக அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் 1984-இல் தொடங்கிய டைட்டன், 2016 ஜனவரியில் எச்.பி. நிறுவனத்துடன் இணைந்து ‘ஜக்ஸ்ட்’ என்ற கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது. முள் ஓடும் வழக்கமான முகத்தின் கீழே ஒரு சிறு திரை, அவ்வளவே. அலுவலகத்திற்கும் திருமணத்திற்கும் தயக்கமின்றி அணியத்தக்க வடிவம் இது என்பது நமது கருத்து. மறுபுறம், பத்தாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள 18 காரட் தங்க ஆப்பிள் வாட்ச்சும் 2015-இல் விற்பனைக்கு வந்தது. தங்கம் தலைமுறைகளைக் கடந்து நிற்கும். அதனுள் இருக்கும் மின்சில்லு சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டுவது முதலீடும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. தந்தை அணிந்த எச்.எம்.டி. கடிகாரத்திற்கு இன்றும் சாவி கொடுத்து ஓடவிடும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளன. புதிய கருவிகளிடம் அத்தகைய நெடுவாழ்வை எதிர்பார்க்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி மணிக்கட்டிலும் ஒளிரும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதில் அடங்கும். பூஜைக்காலக் கரியாஹாட்டில் தோளோடு தோள் உரச நடக்கையில் அதனை அருகில் இருப்பவரும் படித்துவிடலாம். ஆகவே, செய்தியின் உள்ளடக்கம் கடிகாரத் திரையில் தோன்றாதவாறு அறிவிப்பு அமைப்பை மாற்றிக்கொள்வது நலம்.

நமது முடிவு இதுவே. மேற்கூறிய தேவைகளுள் ஒன்றேனும் உடையவர் தாராளமாக அணியலாம். புதுமைக்காக மட்டும் விரும்புவோர் சற்றுப் பொறுப்பது நன்று. இத்தகைய கருவிகள் விரைவில் மேம்படுகின்றன, விலையும் குறைகிறது. எவராயினும் சேமிப்பிலிருந்து வாங்குவதே முறை. கடிகாரம் பழசான பின்னும் தவணை தொடருமானால், மணிக்கட்டில் நாம் சுமப்பது அழகன்று, கடன்.