பார்த்ததையும் படித்ததையும் உள்ளபடி சொல்வோம்

கொல்கத்தாவின் பெஹாலாவில் வாழும் தமிழர்களாகிய நாங்கள், அக்கம்பக்கத்து வங்காள நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, இன்று ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். பார்த்த படத்தையும் படித்த புத்தகத்தையும் பற்றி மனத்தில் பட்டதைச் சொந்தப் பெயரில், காரணத்தோடு, நாலு பேர் முன்னால் சொல்வது. வேறு வேலை இந்த இயக்கத்துக்கு இல்லை.

இதற்கு ஓர் இயக்கம் தேவையா என்றால், தேவைதான். நம் நூல் வெளியீட்டு விழா ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். பொன்னாடை உண்டு, நினைவுப் பரிசு உண்டு, வரிசையாக வாழ்த்துரை உண்டு. ஆசிரியரின் எளிமை, உழைப்பு, பழகும் விதம் எல்லாம் பேச்சில் வருகின்றன; புத்தகத்தின் முப்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் வருவதில்லை. படம் விட்டு வெளியே வருபவரிடம் எப்படி என்று கேட்டால், “ஒரு தடவை பார்க்கலாம்” என்கிறார். அந்தப் பதிலில் படமும் இல்லை, பார்த்தவரும் இல்லை. இன்னொரு பக்கம், இடைவேளைக்குள்ளேயே நடிகரையும் இயக்குநரையும் வாய்க்கு வந்தபடி ஏசி முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் இழப்பு படைப்புக்குத்தான்.

2024 நவம்பரில் ‘கங்குவா’ படம் வெளியாகி வசவு வாங்கியபின், திரையரங்க வாசலில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடிப்பதை அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் கோரினார்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. மறுத்தது சரி. வசவைக் கேட்டு அவர்களுக்கு வலித்ததில் நியாயம் உண்டு. ஆனால் வசவுக்கு மருந்து நல்ல விமர்சனம்தான், வாய்ப்பூட்டு அல்ல.

இதை இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்வதில் எங்களுக்குப் பெருமை. சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகாத 1947 அக்டோபரில், சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். முதலில் போட்டுப் பார்த்த படம் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’. மறு ஆண்டே ராய், நம் படங்களில் என்ன கோளாறு என்று ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். அப்போது அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. ‘பதேர் பாஞ்சாலி’ திரைக்கு வர 1955 ஆயிற்று. “நீ ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டுப் பேசு” என்று இன்றும் ரசிகனை அடக்குகிறோமே, அந்த நியாயப்படி பார்த்தால் ராய் ஏழு வருடம் வாயைத் திறந்திருக்கவே கூடாது.

அவரும் பிறகு கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1964இல் ‘சாருலதா’ வந்தபோது, தாகூரின் ‘நஷ்டநீட்’ குறுநாவலைச் சிதைத்துவிட்டார் என்று பொருளியல் அறிஞர் அசோக் ருத்ரா எழுதினார். உலகப் புகழ் பெற்றுவிட்ட ராய் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. கதையிலிருந்து எங்கே விலகினேன், ஏன் விலகினேன் என்று விரிவாகப் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு மிருணாள் சென்னின் ‘ஆகாஷ் குசும்’ படத்தைப் பற்றி அதே ராய் கடுமையாகச் சொல்ல, சென் திருப்பிச் சொல்ல, ‘ஸ்டேட்ஸ்மன்’ வாசகர் கடிதப் பகுதியில் வாரக்கணக்கில் சண்டை நடந்தது. சொற்கள் சுட்டன. ஆனாலும் இருவரும் பெயர் போட்டு எழுதினார்கள், ஊரே படித்தது. எங்களுக்கு வேண்டியது அந்தத் துணிவு.

தமிழிலும் அது இருந்தது. பெரியவர், சிறியவர் பார்க்காமல் விமர்சகர் க.நா.சு. தம் அபிப்பிராயத்தைச் சொன்னார், பகையையும் சம்பாதித்தார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா விமர்சனத்துக்கென்றே ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். கைக்காசைக் கரைத்து, 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போனவர் அவர்.

ஆகவே எங்களுக்குள் சில ஏற்பாடுகள் செய்துகொண்டிருக்கிறோம். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு யாரும் நிறுத்தக் கூடாது. எந்தக் காட்சியில், எந்தப் பக்கத்தில் என்று சொல்ல வேண்டும். பாதியில் மூடிய புத்தகத்தைப் பற்றியும் பேசலாம், எங்கே மூடினோம் என்பதைச் சொல்லிவிட்டு. இலவசச் சீட்டும் அன்பளிப்புப் பிரதியும் வாங்குவதில்லை. எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், அவர் நம் அண்ணனோ அத்தையோ ஆனாலும், வெளியே போய்ச் சொல்ல நினைப்பதை அங்கேயே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரது சாதி, கட்சி, சம்பளம் எதுவும் பேச்சில் வரக் கூடாது.

இவற்றைவிட முக்கியமானது பேசும் வரிசை. நம் கூட்டங்களில் மூத்தவர் ஒருவர் முதலில் பேசிவிட்டால், “ஐயா சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்” என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டுப் பெண்கள் வாய் திறப்பதற்குள் காபி வந்துவிடுகிறது. இங்கே இருப்பவர்களில் இளையவர் முதலில் பேசுவார், வயதில் மூத்தவர் கடைசியில். கணவர் பேசியதற்கு நேர்மாறாக மனைவி பேசினால் யாரும் சமாதானம் செய்துவைக்கத் தேவையில்லை. போன மாதம் சொன்னதை இந்த மாதம் மாற்றிக்கொள்ளவும் எவருக்கும் உரிமை உண்டு. மாறியதற்குக் காரணம் சொன்னால் போதும்.

முதல் கூட்டத்துக்கு ‘சாருலதா’வையும் ‘நஷ்டநீட்’டையும் எடுத்துக்கொள்கிறோம். கையில் சிறு தொலைநோக்கியோடு நாயகி சாரு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவைப் பார்க்கும் ஆரம்பக் காட்சி தாகூரிடம் இல்லை. பக்கத்தில் நடந்துபோகும் கணவர் அவளைக் கவனிக்காமல் போகிறார். அவர் முதுகையும் அதே தொலைநோக்கி வழியாகப் பார்க்கிறாள். ஏறக்குறைய வசனமே இல்லாமல் அவள் தனிமை முழுவதும் வந்துவிட்டது என்கிறார்கள் எங்களில் பாதிப்பேர். ராய் கதையை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார் என்கிறார்கள் மீதிப்பேர். படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வங்காளம் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குறுநாவலின் பகுதிகளை நண்பர்கள் வாசித்துத் தமிழில் சொல்வார்கள். உங்களுக்குப் பழகிய மொழியில் பேசலாம். மெட்ரோவில் வருபவர்கள் பெஹாலா சௌராஸ்தாவில் இறங்க வேண்டும்.