பம்ப் வாங்கப் பனங்காட்டை விற்கலாமா?

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீடு தேடி வந்தார். வயது நாற்பத்திரண்டு. இருபது வயதிலேயே சர்க்கரை வியாதி கண்டு, அன்று முதல் இன்சுலின் ஊசியே துணை என்று வாழ்கிறவர்.

"தம்பி, இடுப்புல கட்டிக்கிற இன்சுலின் மிஷின் ஒண்ணு வந்திருக்காமே. ஊசியே வேண்டாமாம். ஊருல அம்மை பேருல கிடக்கிற பனங்காட்டை வித்துரலாம்னு பார்க்கேன். நீ என்ன சொல்லுத?" என்றார். ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தெரியும்? ஆனாலும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம்மவர் நம்பிக்கை.

மிஷினுக்கு மாதாமாதம் என்ன செலவு ஆகும் என்று கேட்டேன். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஏஜெண்ட் சொன்னது விலை மட்டுமே. ஆகவே நாலு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சியைப் போல இன்னும் எத்தனை பேர் காடு கரையை விற்கக் கிளம்பியிருக்கிறார்களோ!

இன்சுலின் பம்ப் என்பது கைக்குள் அடங்கும் சிறு பெட்டி. அதனுள் இன்சுலின் நிரப்பிய குப்பி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கடியில் செருகிய சிறு குழலில் சேரும். இருபத்து நாலு மணி நேரமும் சொட்டுச் சொட்டாக இன்சுலின் இறங்கும். சாப்பிடும்போது கூடுதல் அளவை நாம்தான் பொத்தானை அழுத்திச் செலுத்த வேண்டும். குழலை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். புதிய வகைகள் சில, தோலில் ஒட்டிய உணர்கருவி மூலம் சர்க்கரையைப் பார்த்துத் தாமே அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. அப்போதும் சாப்பாட்டுக் கணக்கை நாம்தான் சொல்ல வேண்டும்.

கருவி நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. டொரொண்டோவில் 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் பதினாலு வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. 1960-களில் அமெரிக்காவில் செய்த முதல் பம்ப், முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. 1978-இல் லண்டன் டாக்டர்கள் சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்திக் காட்டினார்கள். இன்று அது சட்டைப் பையில் அடங்குகிறது. விஞ்ஞானத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் பம்ப் வியாதியைக் குணமாக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1993-இல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களில், கண் நோய் அதுவரை இல்லாதவர்களுக்கு அது தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அவர்கள் எல்லோரும் பம்ப் கட்டியவர்களா? இல்லை. சிலர் பம்ப், சிலர் நாளைக்கு மூன்று, நாலு ஊசி. இரு சாராரும் தினம் பலமுறை இரத்தத்தைச் சோதித்து, அதற்கேற்ப அளவை மாற்றினார்கள். கண்ணைக் காத்தது அந்தக் கவனம்தான்.

அண்ணாச்சியை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். "ஒரு நாளைக்கு எத்தனை முறை டெஸ்ட் செய்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். "மாசத்துக்கு ஒரு தடவை" என்றார் அண்ணாச்சி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டே ஊசி. அதையும் பட்டறையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கக்கூஸுக்குள் போய்ச் சட்டைக்கு மேலேயே குத்திக்கொள்வாராம். தெரிந்தால் முதலாளி நிறுத்திவிடுவாரோ என்ற பயம். இந்த நிலையில் லட்ச ரூபாய்க் கருவி வந்து என்ன செய்யும்?

நம் வாழ்க்கை முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காலை எட்டரை மணி லோக்கலில் தொங்கிப் போகிறவர் இடுப்பில் ஒரு குழாய். யாராவது இடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். பட்டறை வெக்கையில் வியர்வை பெருகினால் ஒட்டுப் பட்டை கழன்றுவிடும். மருந்தும் சூட்டில் கெடும். பம்பில் ஊற்றுவது விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. நீண்ட நேரம் நிற்கும் மருந்து உடம்பில் இருப்பு இராது. குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறி, வாந்தியும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பம்ப் கட்டியவரும் ஊசி கைவசம் வைத்திருக்கத்தான் வேண்டும்.

அதிலும் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் பலர் வாங்கும் புட்டி ஒரு மில்லிக்கு 40 யூனிட்; அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. பம்ப் மருந்து 100 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், உடம்பில் ஏறுவது இரண்டரை மடங்கு. ஆங்கில லேபிளும் இந்தி விளக்கமும் புரியாமல் தலையாட்டிவிட்டு வரும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை, தேவைப்பட்டால் ஊசி என்று சமாளிக்கக்கூடியவர்கள். பம்ப் முக்கியமாக, உடம்பில் இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகையினருக்கு உரியது. பணக்கார நாடான பிரிட்டனே 2008-இல் அதற்கு வரம்பு கட்டியது. பெரியவர்களில், பல ஊசி போட்டுப் பார்த்தும் மூன்று மாதச் சராசரி 8.5 சதவீதத்துக்குக் குறையாத, அல்லது சர்க்கரை தாழ்ந்து அடிக்கடி நிலைகுலைந்து போகிற முதல் வகையினருக்கே அரசுச் செலவில் பம்ப் என்றது. இரண்டாம் வகைக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டது.

அப்படியானால் ஏழைக்குப் பம்ப் எதற்கு என்று கேட்கிறேனா? இல்லவே இல்லை.

அண்ணாச்சியின் மனைவி டாக்டரிடம் சொன்னதைக் கேளுங்கள். நடுச்சாமத்தில் அவர் உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கொட்டுமாம், வாய் குழறுமாம். எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால்தான் உயிர் திரும்புமாம். "அவியளுக்குப் பயந்து நான் ராத்திரி தூங்கியே வருசக்கணக்காச்சு" என்றார் அந்த அம்மாள். டாக்டர் நாலு வேளை ஊசிக்கு மாற்றி, டெஸ்ட் செய்து நோட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்தும் இரவு மயக்கம் நிற்காவிட்டால், பம்ப் இவருக்கு உண்மையிலேயே தேவைப்படலாம் என்றும் சொன்னார்.

அப்போது பணம் யார் தருவது? நம் கேள்வி அதுதான். நிலத்தை விற்றுக் கருவியை வாங்கிவிடலாம். குழாய்க்கும் குப்பிக்கும் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் ஆகுமே, அதற்கு எந்தக் காட்டை விற்பது? பணமில்லாமல் கருவி பரணில் ஏறினால் காடும் போயிற்று, கருவியும் போயிற்று.

கேரள அரசு "மிட்டாயி" என்ற திட்டத்தில் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு இன்சுலினோடு பம்ப் வரை கொடுத்துவருகிறது. மனமிருந்தால் வழியுண்டு. குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும் ஆளானதும் வியாதி ஓடிப்போவதில்லை. வளர்ந்தவரை மட்டும் ஏன் மறக்க வேண்டும்? ஈ.எஸ்.ஐ., ரயில்வே, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் முதல் வகை நோயாளிகளுக்கென வாரம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இன்சுலினோடு டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் தடையின்றித் தர வேண்டும். பம்ப் அவசியம் என்று டாக்டர்கள் குழு சான்று கொடுத்தால், கருவியோடு மாதச் செலவையும் ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இதையும் சேர்த்து வைக்கலாம்.

மும்பையில் நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம். அதே பந்தலில் ஒரு நாள், ஊசி போடும் முறையையும் அளவையும் தமிழில் சொல்லிக் கொடுக்க ஒரு டாக்டரை உட்கார வைக்கலாமே! ஊசி போட்டுக்கொள்வது திருட்டுத்தனம் அல்ல, கக்கூஸில் ஒளிந்து போட வேண்டியதில்லை என்பதை முதலில் அங்கே சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி இப்போது நோட்டு எழுதுகிறார். பனங்காடு இன்னும் அம்மை பேரில்தான் இருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும். பம்ப் வேண்டியிருந்தால், இருபது வருஷமாகப் பட்டறையில் உழைத்தவருக்கு அதைக் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை.