உபசரிக்கச் சொல்ல நீதிமன்றத்தால் இயலாது



2022-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். தாயிடம் வளரும் மகளைக் காணத் தந்தை அனுமதி கேட்டார். தனி நீதிபதி நாளும் நேரமும் குறித்ததோடு நிற்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வருகிறவரை விருந்தினராக எண்ணிச் சிற்றுண்டி கொடுத்து உபசரிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். வெறுப்பு பிள்ளைக்கு இயல்பாக வருவதன்று, கற்பிக்கப்படுவது என்ற கருத்தும் அந்த ஆணையில் இருந்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உபசரிப்பு ஆணையை நீக்கியது. ஒருவர் மற்றவரை எவ்விதம் நடத்த வேண்டும் என்பது நீதிமன்றம் தீர்மானிக்கும் காரியமன்று என்றது.

இரண்டுமே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. முதல் நீதிபதி விரும்பியது நல்லது. ஆனால் அதை ஆணையாக எழுத முடியாது. அங்கே சட்டம் நின்றுவிடுகிறது. மீதி நம்முடைய பங்கு.

சட்டம் தன் பங்கைச் செய்தே வருகிறது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனையே அளவுகோலாக வைக்கிறது. யஷிதா சாகு வழக்கில் 2020-இல் உச்சநீதிமன்றம், தாய் தந்தை இருவரின் அன்பும் பிள்ளைக்கு உரிமை என்றது. நேரில் காண இயலாதவர் காணொளி அழைப்பிலாவது பேச வழி இருக்க வேண்டும் என்றது. கவனியுங்கள், அது பிள்ளையின் உரிமை. வென்ற பெற்றோர் தோற்றவருக்கு இடும் பிச்சையன்று.

பொத்தேரியில் வேலை நிமித்தம் குடியேறிய குடும்பங்கள் பல. உற்றார் தொலைவில் இருப்பதால் சபையே அவர்களுக்கு உறவு. ஒரு குடும்பம் பிரிந்தால் ஒருவர் ஆராதனைக்கு வருவார், மற்றவர் வருவதை நிறுத்திவிடுவார். வருகிறவரின் கண்ணீரை மட்டும் கண்டு நாமும் ஒரு கட்சியாகிவிடுகிறோம். பிள்ளை அருகில் நிற்கும்போதே, "அந்த மனுஷன் இன்னும் தொந்தரவு கொடுக்கிறாரா?" என்று கேட்கிறோம். கற்பித்தல் என்று நீதிபதி சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

அடி உதைக்குத் தப்பி வந்த தாயிடம் இதைச் சொல்ல மாட்டேன். அவள் அச்சத்தை நீதிமன்றத்தில் சொல்லட்டும். பிறர் முன்னிலையில் மட்டும் சந்திப்பு என்று நிபந்தனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. "மன்னித்துவிடு" என்று அவளை நெருக்குவது ஊழியமன்று.

ஆபிரகாமின் வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து ஆகாரையும் மகனையும் அனுப்பிவிட்டான். அதன்பின் இஸ்மவேல் தகப்பனோடு இருந்ததாக நாம் வாசிப்பது ஒரே ஓரிடத்தில்: மக்பேலா குகையில், ஈசாக்கோடு சேர்ந்து தகப்பனை அடக்கம்பண்ணும்போது. இடையில் கழிந்த ஆண்டுகளில் தகப்பனும் மகனும் சந்தித்ததாக வேதம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சந்திப்பு நேரம் பெரும்பாலும் விடுமுறை நாளிலேயே அமையும். அதற்காக ஒரு பிள்ளை ஞாயிறன்று வராவிட்டால் வருகைப் பதிவில் குறைக்க வேண்டாம்; எங்கே போயிருந்தாய் என்று மற்றப் பிள்ளைகள் முன்பாகக் கேட்கவும் வேண்டாம். மனப்பாட வசனத்தை அடுத்த வாரம் ஒப்புவிக்கட்டும்.