பயிற்சிக்கும் ஓர் உபயம் வேண்டும்

ஜெராம், புக்கிட் செராக்கா, புக்கிட் ரோத்தான், சுங்கை ரம்பை எனக் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புற ஆலயங்களில் திருவிழா நெருங்கும்போது உபயப் பட்டியல் அச்சேறுவது வழக்கம். அபிஷேகம், அன்னதானம், இரத அலங்காரம், நாதஸ்வரம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயகாரர் மனமுவந்து முன்வருகிறார். போற்றத்தக்க பண்பு அது. ஆயினும், அம்மனைத் தரிசிக்க வந்த ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் அவரை மீட்கும் வகையைக் கற்றுத்தரும் பயிற்சிக்கென அப்பட்டியலில் ஒரு வரி இடம்பெறுவது அரிதினும் அரிது.

தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸர் இருந்தார். கிராணியும் தண்டலும் அழைத்த குரலுக்கு வந்தனர். எந்த வாய்க்கால் ஆழம், எந்தச் செம்மண் சாலை மழைக்குத் தாங்காது என்பது சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தது. இன்று இரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. மக்கள் காப்பார், கிள்ளான், ஷா ஆலாம் எனப் பிரிந்தனர். ஆனாலும், காத்தருளிய மாரியம்மனை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆண்டுக்கொரு முறை பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகின்றனர். அப்படி வரும் பிள்ளைகளுக்கு இந்த மண் புதியது. கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குச் செல்லும் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அந்த ஆற்றின் இழுப்புத் தெரியாது.

கூட்டம் கூடும் இடத்தில் ஆபத்தும் ஓரமாக நிற்கிறது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1988 ஜூலை 31-ஆம் நாள் பட்டர்வொர்த் படகுத்துறை மண்டபம் இடிந்தபோது அங்கே நிறைந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சமய விழாக்களுக்காக வந்தவர்களே. 32 பேர் மாண்டனர். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 1997 ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயாலும் அதனால் எழுந்த நெரிசலாலும் 48 உயிர்கள் பறிபோயின. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதயத் திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். நம் தோட்டத்து இரதங்களும் மின்கம்பிகளின் அடியில்தான் வலம் வருகின்றன.

மீட்புப் பணி என்பது வெறும் துணிச்சலன்று. அது ஒரு தொழில்நுட்பம். 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டபோது வெளிநாட்டு மீட்புக் குழுக்களின் உதவியும் தேவைப்பட்டது. அந்த அனுபவத்தின் பயனாகவே 1994-இல் ‘ஸ்மார்ட்’ எனும் சிறப்பு மீட்புக் குழுவை அமைக்க அமைச்சரவை முடிவு செய்தது. 2022 டிசம்பர் 16-இல் நமது வட சிலாங்கூரிலேயே பத்தாங்காலி முகாம் தளத்தில் மண் சரிந்து, அங்கிருந்த 92 பேரில் 31 பேர் இறந்தபோது அக்குழு தீயணைப்பு வீரர்களோடும் மோப்ப நாய்களோடும் நாள்கணக்கில் தேடியது. தீயணைப்பு மீட்புப் படையின் பயிற்சிக் கழகம் ஒன்றும் கோல குபு பாருவில் இயங்கி வருகிறது. வல்லுநர்களுக்குக் குறைவில்லை. ஆனால், அவர்கள் நகரத்திலிருந்து செம்பனைக் காட்டைத் தாண்டி ஆலயத்தை அடையும்வரை கழியும் நிமிடங்கள் அங்கே நிற்கும் தொண்டர்களுக்கே உரியவை.

அந்த நிமிடங்களில் நம் இளைஞர்கள் செய்வது என்ன? தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் நால்வர் குதிக்கின்றனர். 2018 அக்டோபர் 3-ஆம் நாள் பூச்சோங் வட்டாரத்தில் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையில் ஓர் இளைஞரைத் தேடி இறங்கிய நீர்மீட்புப் பிரிவின் ஆறு வீரர்கள் சுழலில் சிக்கி மாண்டனர். நீந்தக் கற்றவர்கள், கயிறு கட்டியவர்கள், அதுவே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களையே விழுங்கிய நீருக்குள் வேட்டியை மடித்துக்கட்டிய தொண்டர் இறங்குவது வீரமாகுமா? பயிற்சியின் முதல் பாடமே இறங்காதே என்பதுதான். கரையிலிருந்து கழியை நீட்டு. கயிறோ காலித் தோம்போ எறி. கரைசேர்ந்தவருக்கு மூச்சில்லையேல் மூச்சு ஊட்டி, மார்பை அழுத்து. மூளை உயிர்க்காற்றின்றிச் சில நிமிடங்களே தாங்கும் என்பதால் ஆம்புலன்ஸ் வரட்டும் எனக் காத்திருப்பது கைவிடுவதற்கு ஒப்பாகும்.

தீமிதியில் இடறி விழுந்தவரின் புண்ணை ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மஞ்சளோ பற்பசையோ அப்புவது புண்ணைக் கெடுக்கும். அன்னதானச் சமையலில் எரிவாயுத் தோம்பு கசிந்தால் யார் அடைப்பது, மின்னோட்டம் பாய்ந்த இரதத்தில் தவிப்பவரை மின்சாரம் துண்டிக்கப்படும் முன் ஏன் தொடக்கூடாது என்பனவும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியவையே. 999-ஐ அழைப்பவர் ‘மாரியம்மன் கோயில்’ என்று மட்டும் சொன்னால், இந்த மாவட்டத்தில் அவர்கள் எந்த மாரியம்மனிடம் போவார்கள்? முழு முகவரி ஒலிபெருக்கி மேசையில் எழுதி ஒட்டப்பட வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய ஒரு தடம் கடைகளும் கார்களும் இன்றி விடப்பட வேண்டும். சாலைச் சந்தியில் கைவிளக்கோடு ஒருவர் நிற்க வேண்டும்.

எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்று சில பெரியோர் சொல்வதுண்டு. அவர்கள் பக்தியில் குறைகாண இடமில்லை. ஆனால், அதே பெரியோர் பூக்குழியைச் சமன் செய்து பார்க்காமல் ஒருவரையும் இறங்க விட்டதில்லை.

செலவு என்று தயங்குவதும் பொருந்தாது. தீயணைப்பு நிலையத்தாரும் பொதுத் தற்காப்புப் படையினரும் கேட்கும் அமைப்புகளுக்கு விளக்கமும் செய்முறையும் அளிக்கின்றனர். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் ஆகியவையும் முதலுதவி கற்றுத்தருகின்றன. பெரும்பாலும் வேண்டுவது ஒரு கடிதமும், வருவோர்க்கு உணவும், ஆலயத்தில் நிலையாக வைக்க மிதவை வளையம், நீண்ட கயிறு, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகியவையுமே. மலர் அலங்கார உபயத்தோடு ஒப்பிட இச்செலவு சிறிது. பெண்களையும் பயிற்சிக்கு அழைப்பது நலம். சமையற் பந்தலில் நாள் முழுதும் நிற்பவர்கள் அவர்களே.

கொடியேற்றத்திற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கடிதம் போய்ச் சேர வேண்டும். காப்புக் கட்டிய பின்னர் தொண்டர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். அடுத்த ஆண்டு உபயப் பட்டியல் அச்சுக்குப் போகுமுன், அன்னதானத்திற்கும் இரத அலங்காரத்திற்கும் இடையே அந்த ஒரு வரிக்குப் பரிபாலன சபைகள் இடம்விடட்டும்; பெயர் தர உபயகாரர் நிச்சயம் முன்வருவார்.