ஓவர்லுக்: பார்ப்பதா, பார்க்காமல் விடுவதா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஓர் அறிக்கை தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரிக்கு அனுப்பும்போது, 'ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்' என்பதை ஆங்கிலத்தில் எழுத நினைத்து, 'ப்ளீஸ் ஓவர்லுக் மை ரிப்போர்ட்' என்று எழுதிவிடுகிறார். விளைவு? 'என் அறிக்கையைத் தயவுசெய்து கண்டுகொள்ளாதீர்கள்' என்று அவரே கேட்டுக்கொண்டதாக ஆகிவிட்டது!

எழுதியிருக்க வேண்டியது 'லுக் ஓவர்'. சொற்கள் அதே இரண்டுதான். இடம் மாறியதும் அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

ஆனால் அவரை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. 14-ம் நூற்றாண்டில் 'ஓவர்லுக்' என்றால் கூர்ந்து பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது என்றுதான் பொருள். 16-ம் நூற்றாண்டில்தான் 'கவனிக்காமல் விடுவது' என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது.

குழப்பத்துக்குக் காரணம் 'ஓவர்'. அதற்கு 'மேலிருந்து' என்றும் பொருள், 'தாண்டி' என்றும் பொருள். மாடியில் நின்று தெருவைப் பார்த்தால் எல்லாம் தெரியும். மதிலுக்கு மேலாக எட்டி அந்தப் பக்கம் பார்த்தாலோ, மதிலடியில் இருப்பது கண்ணில் படாது. பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் பால்கனியை 'ஓவர்லுக்கிங் த பார்க்' என்று வீட்டு விளம்பரங்களில் போடுவது முதல் வகை. பில்லில் ஒரு வரியை விட்டுவிடுவது இரண்டாம் வகை.

இன்னொரு அர்த்தமும் இருந்தது: கண் வைப்பது! ஆம், நாம் திருஷ்டி, கண்ணேறு என்கிறோமே, அதேதான். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், பசானியோவின் கண்கள் தன்னை மயக்கிவிட்டன என்று சொல்ல போர்ஷியா பயன்படுத்துவது இந்தச் சொல்லைத்தான்.

'ஓவர்சைட்' என்ற சொல்லுக்கும் இதே இரட்டை முகம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் அரசின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் குழுவின் பெயரில் 'ஓவர்சைட்' உண்டு. ஒரு பெயர் விடுபட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதத்திலும் 'ஓவர்சைட்' உண்டு. முன்னது மேற்பார்வை, பின்னது கவனப்பிசகு.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'மேற்பார்வை' என்பதும் அதேபோல 'மேல்', 'பார்வை' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்ததுதான். ஆனால் அதற்குக் கவனப்பிசகு என்ற பொருள் வரவே இல்லை. இலங்கை, மலாயா தோட்டங்களில் தொழிலாளர்களை மேற்பார்த்தவருக்கு நாம் வைத்த பெயர் 'கங்காணி', அதாவது கண்காணிப்பவர். ஆங்கிலேயர்களும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே, யாரிடமாவது சரிபார்க்கக் கொடுக்கும்போது 'லுக் ஓவர்' அல்லது 'ரிவ்யூ' என்று எழுதுங்கள். 'ஓவர்லுக்' வேண்டாம்.

அந்தச் சொல்லுக்கு இன்னும் ஒரு நல்ல பொருள் பாக்கியிருக்கிறது: பிழையைப் பெரிதுபடுத்தாமல் மன்னித்துவிடுவது. அந்த மேலதிகாரி நல்ல மனுஷராக இருந்தால், அறிக்கையை 'லுக் ஓவர்' செய்வார். அந்தப் பெண்ணின் பிழையை 'ஓவர்லுக்' செய்வார்!