குதிரைக்கொம்பு வியாபாரம்

செங்கத்திலிருந்து என் தமக்கை மகன் டெலிபோனில் கூப்பிட்டு, "மாமா, பிரிட்ஜை மாற்றியாக வேண்டும், உடம்பு மரமும் மட்டமாம்" என்றான். செய்யாற்றுப் பாலத்துக்குத்தான் ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று நான் பதறினேன். பிறகுதான் தெரிந்தது, பையன் பேசியது தன் பேஸ் கிதாரைப் பற்றி என்று. பாட்டுக் கச்சேரிக் குழு ஒன்றில் அவன் பேஸ் வாசிக்கிறான். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் திருவிழாக்கள், தை மாசியில் கல்யாணங்கள். மற்ற மாதங்களில் அப்பாவின் மளிகைக் கடை. அவனுடைய வாத்தியத்தைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்த ஒரு கடைக்காரர், "இது பாஸ்வுட், தம்பி. ஆஷ் அல்லது ஆல்டர் மரத்தில் உடம்பு போட்டு, கனமான பித்தளைப் பிரிட்ஜ் வைத்தால்தான் நாதம் பேசும்" என்று சொல்லி, இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் சங்கிலியை வைத்துப் பணம் புரட்டலாமா என்று பையன் என்னைக் கேட்டான்.

அந்தச் சங்கிலியை என் தகப்பனார் எந்தக் கஷ்டத்தில் செய்து போட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் இந்தக் கட்டுரையில் சற்றுக் கோபம் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சங்கீத வித்வான் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் பொய்யை அடையாளம் கண்டுகொள்வது கதை எழுதுகிறவனுக்குத் தொழில். முதலில் ஒரு சின்ன விஷயம். பாஸ்வுட் என்ற பெயரைக் கேட்டுவிட்டு அது பேஸ் வாத்தியத்துக்கென்றே பிறந்த மரம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது லிண்டன் சாதியைச் சேர்ந்த ஒரு மெல்லிய மரம். வாத்தியத்தின் பெயரோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பெயரை வைத்துப் புகழுவதும் பெயரை வைத்து இகழுவதும் ஒரே காரியம்தான்.

மின்சாரப் பேஸ் எப்படிப் பேசுகிறது? கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரைப் போன்ற செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதற்குப் பிக்கப் என்று பெயர். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அது பெட்டிக்குப் போய்ச் சத்தமாகிறது. காந்தத்துக்குக் காது இல்லை. மரம் முனகுவதும் பெருமூச்சு விடுவதும் அதற்கு விழாது. இரும்புக் கம்பி எப்படி ஆடுகிறது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். 1951-ல் அமெரிக்காவில் லியோ பெண்டர் பிரிஸிஷன் பேஸ் என்ற வாத்தியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஆஷ் மரத்தை எடுத்துக்கொண்டார். சில வருஷங்களில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார். பிரிட்ஜ் என்று அவர் வைத்தது வெறும் மடித்த இரும்புத் தகடு. இன்று கனப் பித்தளையை விற்கிறவர்கள் எந்த நாதத்தை உதாரணம் காட்டி விற்கிறார்களோ, அந்த நாதத்தில் பெரும் பங்கு அந்த மடித்த தகட்டின் மேல் பிறந்ததுதான்!

"ஆனால் கம்பியின் அதிர்ச்சியை மரம் உறிஞ்சிக்கொள்ளாதா?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் எந்த மரம்? கனத்த உடம்பு அதிகம் அசைவதில்லை. நீண்டு மெலிந்த கழுத்துத்தான் ஆடுகிறது. பேஸ் வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: மிக மெல்லிய கம்பியில், ஐந்தாவது கட்டிலிருந்து ஏழாவது கட்டுக்குள் எங்கேயோ ஓரிடத்தில் ஸ்வரம் எழுந்தவுடனே செத்துப்போகும். அந்த ஸ்வரத்தின் அதிர்வும் கழுத்தின் சொந்த அதிர்வும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் கம்பியின் பலத்தைக் கழுத்து தின்றுவிடுகிறது. வாத்தியத்தின் தலைப்பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கவ்வியை மாட்டினால், அந்த ஊமை இடம் வேறு கட்டுக்கு நகர்ந்துவிடும். அந்தக் கவ்வியைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. அதில் லாபம் இல்லை.

இப்படிச் சொன்னதும் நம்முடைய சபா ரசிகர்கள், "அப்படிச் சொல்லுங்கள்! கிதாரெல்லாம் வெறும் மின்சாரம். எங்கள் வீணையைப் பாருங்கள்" என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு.

வீணையில் மரம் முக்கியம்தான். அங்கே குடமும் மேல்பலகையும்தான் காற்றைத் தள்ளிச் சத்தம் உண்டாக்குகின்றன. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் தஞ்சாவூருக்குப் போய்க் குடமாகக் குடையப்படும்போது, சுவர் எவ்வளவு மெல்லியதாக வரவேண்டும் என்பதை ஆசாரியின் கையும் உளியும் தீர்மானிக்கின்றன. அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால், கோயில் மணியோசையைக் கேட்டு வளர்ந்த பலாதான் பேசும் என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொன்ன பெரியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். மணியோசையைக் கேட்டு வளர்ந்த அர்ச்சகர்களிலேயே எத்தனை பேருக்குச் சுருதி சேருகிறது? மரத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் எப்படிக் கிடைத்ததாம்?

வீணையின் உயிர் இருக்கும் இடத்தை ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சி. வி. ராமன். 1921-ல் நம் நாட்டுத் தந்தி வாத்தியங்களைப் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்ஸ்வரங்கள் கேட்கக் கூடாது என்பது ஐரோப்பியப் பண்டிதர்கள் வகுத்த விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவை கேட்கின்றன என்று ராமன் காட்டினார். காரணம், குதிரை. கம்பி அங்கே கத்திமுனைபோன்ற விளிம்பில் நிற்கவில்லை. மெதுவாக வளைந்த ஒரு பரப்பின்மேல் படுத்துப் படுத்து எழுகிறது. தம்பூராவில் அந்தக் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஜீவா என்று ஒரு பருத்தி நூலைச் செருகுகிறார்கள். நூலை ஓர் இழை முன்னே தள்ளினால் தம்பூரா மூக்கால் அழும். சரியான இடத்தில் நின்றால் கூடம் முழுவதும் ரீங்காரம். மரம் அதே மரம்தான். விலை மதிக்க முடியாத ஏகாண்டப் பலாவை ஒரு முழ நூல் தோற்கடித்துவிடுகிறது. ஆனால் வீணை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர், குதிரையின் பித்தளைத் தகட்டைக் காதால் கேட்டுக் கேட்டு அரம் போட்டவனுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்று விசாரிக்கிறார்கள்? யாளி முகத்துக்கு எத்தனை பூச்சு என்றுதான் கேட்கிறார்கள்.

இதோ, பித்தளை பிரிட்ஜ் விற்கிறவர் ராமனையே சாட்சிக்கு இழுப்பார்: "குதிரைதான் உயிர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே!" ஐயா, ராமன் பேசியது குதிரையின் வடிவத்தைப் பற்றி, எடையைப் பற்றி அல்ல. பேஸ் கிதாரில் ஐந்நூறு ரூபாய் பிரிட்ஜிலும் எட்டாயிரம் ரூபாய் பிரிட்ஜிலும் கம்பி ஒரு சிறு உலோகத் துண்டின் முனையில்தான் முடிகிறது. இரண்டிலும் வளைந்த பரப்பு இல்லை. கனம் கூடினால் கம்பியின் பலம் அந்தப் பக்கம் ஒழுகுவது சற்றுக் குறையலாம். ஆனால் ஏற்கெனவே அங்கே ஒழுகுவது கொஞ்சம்தான் என்றேன். ஓட்டை கழுத்தில் இருக்க, காலுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியம் இது.

செங்கத்துக்கு நான் நேரிலேயே போனேன். திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் ஜவ்வாது மலை வடக்கே நீலமாகக் கிடக்கிறது. இந்த ஊருக்கு வாத்தியப் பேச்சு புதிதல்ல. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் பாடப்பட்டது செங்கண்மாத்து நன்னன் மேல். அந்தச் செங்கண்மா இந்தச் செங்கம்தான் என்பது அறிஞர் கருத்து. கூத்தர்கள் வாத்தியங்களைப் பையில் கட்டித் தோளில் தொங்கவிட்டு மலை வழியே நடக்கிறார்கள். பார்த்தால் பலாக்காய்க் குலை மாதிரி இருக்கிறதாம்! யாழ் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பெருங்கௌசிகனார் தச்சன் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்போலச் சொல்கிறார். நரம்பின் முறுக்கில் பிசிறு இல்லாமல் நீவியது, வரகு மணி அளவில் நுண்துளை இட்டது, பத்தரைப் பசையால் ஒட்டியது, துளைகளில் ஆணி முடுக்கியது, தந்தத்தால் யாப்பு அமைத்தது, பொன்னிறத் தோல் போர்த்தது எல்லாம் வரிசையாக வருகின்றன. மரத்தின் பெயர் மட்டும் வரவில்லை. வாத்தியங்களைப் பற்றிப் பேசும் அந்தப் பகுதியில் பலாவுக்குக் கிடைத்த இடம் மூட்டைக்கு உவமை என்பதுதான்! மரம் தெரியாமல் விட்டார் என்று நான் நினைக்கவில்லை; மலையில் இருக்கிற செடி கொடிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர். நரம்பும் துளையும் ஆணியும்தான் அவர் கண்ணில் வேலையாகப் பட்டன.

பையனின் வாத்தியத்தை வாங்கிப் பார்த்தேன். கம்பிகளை இரண்டு வருஷமாக மாற்றவில்லை. வியர்வையும் திருவிழாப் புழுதியும் ஏறி அவை கயிறுபோல் இருந்தன. அப்படிப்பட்ட கம்பியில் மேல்ஸ்வரங்கள் எழுமுன்பே அமுங்கிவிடும். புதுக் கம்பி போட்டோம். குழுவில் கிதார் வாசிக்கும் இன்னொரு பையன் ஒரு திருப்புளியை எடுத்துக் கம்பியின் உயரத்தையும் பிக்கப்பின் உயரத்தையும் சரிசெய்தான். அரை மணி நேரம். என் தமக்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, வேறே வாத்தியமா?" என்றாள்.

அத்தோடு விடவில்லை. திருவண்ணாமலை நண்பன் ஒருவனிடமிருந்து பித்தளைப் பிரிட்ஜை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினோம். அதே கம்பி, அதே வாத்தியம், அதே பெட்டி. பழைய தகட்டோடு வாசித்ததையும் பித்தளையோடு வாசித்ததையும் பதிவு செய்து, எது எதென்று சொல்லாமல் பையனுக்குப் பத்துத் தடவை போட்டுக் காட்டினேன். ஆறு தடவை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டாலே ஐந்து கிடைக்கும். அவனுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: நீண்ட ஸ்வரங்களில் ஏதோ ஒரு சிறு வித்தியாசம் இருக்கிறது என்று அவன் கடைசி வரை சாதித்தான். இருக்கலாம். மூடிய அறையில் இருக்கிற அந்த வித்தியாசம், ஜெனரேட்டர் ஓடும் திருவிழா மைதானத்தில் எங்கே போகும்? பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. மேடைப் பெட்டிகளில் பல அந்த ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. மேல்ஸ்வரங்களை மட்டும் கேட்டு, அடிஸ்வரத்தை நம் காதே ஊகித்துக்கொள்கிறது. இப்படிப் பாதியைக் காதே இட்டு நிரப்புகிற இடத்தில், ஆஷ் மரமா ஆல்டர் மரமா என்று விசாரணை!

1980-களில் இளையராஜாவின் பாட்டுக்களில் பேஸ் கிதார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டுத்தான் இந்தத் தலைமுறைப் பையன்கள் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். அந்தப் பாட்டுக்களைக் கேட்டு யாராவது உடம்பு என்ன மரம் என்று கேட்டதுண்டா? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பியை ஐந்தாக்கி, மின்சார மாண்டலினில் கமகம் பேசவைத்தார். அங்கேயும் நாம் கேட்டது விரலை.

சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் பையன் மறுபடி கூப்பிட்டான். திருவிழாச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பித்தளைப் பிரிட்ஜை மட்டும் வாங்கிவிட்டானாம்.

"ஏண்டா?" என்றேன்.

"விளக்கு வெளிச்சத்தில் பளபளன்னு இருக்கு, மாமா. முன்வரிசைப் பிள்ளைகள் அதையே பார்க்கிறார்கள்."

கடைக்காரர் மட்டும் இதைச் சொல்லி விற்றிருந்தால், நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். கம்பியை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.