1, 2, 4... அடுத்து என்ன? எதிர்க்கேள்வி கேட்டால் முட்டாளா?

1, 2, 4... அடுத்து வரும் எண் என்ன?

'8' என்று மனசு இந்நேரம் சொல்லியிருக்கும். ஒவ்வொன்றும் இரட்டிப்பாகிறது, ஆகவே 8. கேம்பஸ் இன்டர்வியூவுக்காக ஆப்டிடியூட் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பி.காம். மாணவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்வார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் '7' என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1 கூடியது, பிறகு 2 கூடியது, அடுத்து 3 கூட வேண்டும், ஆகவே 7. இன்னொருவன் '5' என்கிறான். மூன்றால் வகுபடாத எண்களை வரிசையாக எழுதினால் 1, 2, 4, 5, 7, 8 என்றுதானே போகும்?

மூன்றுமே சரி. ஆனால் ஆன்ஸர் கீயில் ஒன்றுதான் இருக்கும். மற்ற இரண்டு பேருக்கும் பூஜ்யம். நெகட்டிவ் மார்க் இருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே. கூடவே 'இவங்களுக்கு லாஜிக் கம்மி' என்ற பட்டம் இலவசம்!

இரண்டு அர்த்தம் வருகிற மாதிரி கேட்டது ஒருவர். தண்டனை இன்னொருவருக்கு. புத்திசாலித்தனத்தை அளக்கிறோம் என்ற பெயரில் நடக்கும் இந்தக் கூத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதே கூத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சாட்டிங்கிலும் நடக்கிறது. அதற்குப் பிறகு வரலாம்.

'மூன்று எண் மட்டும் கொடுத்தால் அப்படித்தான், நிறைய கொடுத்தால் குழப்பம் வராது' என்று சிலர் சொல்வார்கள். சரி, 1, 2, 4, 8, 16. அடுத்து? 32 தானே? ஒரு வட்டம் வரைந்து அதன் விளிம்பில் புள்ளிகள் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டால் இணையுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? 1 புள்ளிக்கு 1, 2 புள்ளிக்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. ஆறாவது புள்ளிக்கு 32 வராது, 31தான் வரும். நம்பாதவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.

கணக்குப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்த எண் வரிசைக்குப் பின்னாலும் எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டு, அதற்குப் பொருந்தும் ஒரு சூத்திரமும் எழுதிக் காட்ட முடியும். ஆக, 'அடுத்து என்ன?' என்ற கேள்விக்கு உண்மையான அர்த்தம், 'என் மனசில் இருக்கும் விதி என்ன?' என்பதுதான். அது புத்திசாலித்தனத் தேர்வா, குறி சொல்லும் தேர்வா?

'கேள்வி தயாரிப்பவர்கள் பெரிய நிபுணர்கள், அவர்களுக்குத் தெரியாதா?' என்பவர்களுக்காக ஒரு நிஜக் கதை.

1982 மே மாதம். அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு. ஒரு பெரிய வட்டம், அதன் மூன்றில் ஒரு பங்கு ஆரமுள்ள ஒரு சின்ன வட்டம். சின்னது பெரியதன் விளிம்பில் உருண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எத்தனை சுற்று சுற்றும்? கொடுக்கப்பட்ட விடைகள் ஐந்து. நிபுணர்களின் ஆன்ஸர் கீ சொன்னது 3. சுற்றளவு மூன்று மடங்கு, ஆகவே 3 சுற்று.

சரியான விடை 4. அது அந்த ஐந்தில் இல்லவே இல்லை!

ஏன் 4 என்று பார்க்க இரண்டு ஒரு ரூபாய் நாணயம் போதும். ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். சுற்றளவு சமம்தான். ஆனாலும் உருளும் நாணயம் திரும்பி வருவதற்குள் இரண்டு முறை சுற்றிவிடும். வளைந்த பாதையில் போவதாலேயே ஒரு சுற்று கூடுதல். இதிலும் ஒரு குழப்பம் உண்டு. 'சுற்று' என்றால் தன்னைத் தானே சுற்றுவதா, இன்னொன்றைச் சுற்றி வருவதா? பூமி சூரியனைச் சுற்றுகிறது என்கிற அர்த்தத்தில் எடுத்தால் விடை 1. ஒரே சொல்லை எப்படிப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

அந்தத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். கேள்வி தப்பு என்று கடிதம் எழுதியவர்கள் வெறும் 3 பேர். கடைசியில் அந்தக் கேள்வியையே கணக்கிலிருந்து நீக்கினார்கள். அந்த மூன்று பேரும் பேசாமல் இருந்திருந்தால்? ஆன்ஸர் கீ ஜெயித்திருக்கும், அவ்வளவுதான்.

'ஒரு கேள்விதானே, அதனால் என்ன குடி முழுகிவிடும்?' என்றும் கேட்கலாம். முதல் உலகப்போரின்போது 1917ல் தொடங்கி அமெரிக்க ராணுவத்தில் சுமார் 17 லட்சம் பேருக்குப் புத்திசாலித்தனத் தேர்வு வைத்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்கள். படத்தில் எது விடுபட்டிருக்கிறதோ அதை வரைய வேண்டும். ஒரு படத்தில் புகைபோக்கி இல்லாத வீடு. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த ஒருவர் புகைபோக்கிக்குப் பதிலாக வீட்டின்மேல் சிலுவை வரைந்தார். அவர் ஊரில் வீட்டில் இருப்பது அதுதான். தப்பு என்று மார்க் போட்டார்கள். ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1981ல் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. அந்த மனிதருக்குக் குறைவாக இருந்தது அறிவா, அமெரிக்க வீடுகளைப் பற்றிய பழக்கமா? கேள்வி கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் மட்டம் தட்டப்பட்டது அவர்!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வர வேண்டும். ஏனென்றால் அவர்கள் பாடத்தில் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்.

ஒரு கடையில் 5 ரூபாய்க்கு 10 பேனா வாங்குகிறார்கள். அப்புறம் 7 ரூபாய்க்கு இன்னும் 10. பிறகு 10 பேனாவை 10 ரூபாய் வீதம் விற்கிறார்கள். லாபம் எவ்வளவு? முதலில் வந்த சரக்கு முதலில் போகும் என்ற ஃபிஃபோ முறையில் அடக்கம் 50 ரூபாய், லாபம் 50. சராசரி விலை முறையில் ஒரு பேனா 6 ரூபாய், அடக்கம் 60, லாபம் 40. எது சரி? இரண்டும் சரி. எந்த முறையில் கணக்குப் போட்டேன் என்று குறிப்பில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். எழுதாமல் லாபத்தை மட்டும் நீட்டினால் ஆடிட்டர் விடமாட்டார்.

ஒரு பெட்டிக்கடைக் கணக்குக்கே இந்த நியாயம் உண்டு. ஒரு மாணவனின் வேலையைத் தீர்மானிக்கும் கேள்விக்குக் கிடையாதா? 'கட்டடம், இயந்திரம், சரக்கிருப்பு, நற்பெயர். பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்று கேட்டால், சரக்கிருப்பு என்பவனும் சரி, ஏனென்றால் அது மட்டும்தான் நடப்புச் சொத்து. நற்பெயர் என்பவளும் சரி, கண்ணால் பார்க்க முடியாதது அது ஒன்றுதான். கட்டடம் என்பவனும் சரி, அதை மட்டும்தான் இடம் மாற்ற முடியாது. எந்த அடிப்படையில் பொருந்தாதது என்று கேள்வி சொல்லவில்லை. சொல்லாதவருக்கு மார்க் குறையவில்லை!

இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. 'இருப்பதிலேயே எளிமையான விதியைக் கண்டுபிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.' யாருக்கு எளிமை? இரட்டிப்பது எளிதா, 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போவது எளிதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் கூட்டல்தான் எளிது என்று சொல்லும். நியாயமாகச் சொன்னால், கொடுத்த நாலு விடைகளில் ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தும்படி யோசித்துக் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளும் இருக்கின்றன. அப்படிக் கேட்க முடிகிறது என்பதே மற்றவர்களுக்கு மன்னிப்புக் கிடையாது என்பதற்கு ஆதாரம்.

ஸ்கூலில் நன்னூல் படித்தது ஞாபகம் இருக்கிறதா? வினா ஆறு வகை, விடை எட்டு வகை. பதில் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. அதுவா இதுவா என்று கேட்பது ஐயவினா. விடைகளின் பட்டியலிலோ 'வினா எதிர் வினாதல்' என்று ஒன்று. 'வருவாயா?' என்றால் 'வராமல் இருப்பேனா?' என்பதுதான் பாடப்புத்தகத்தில் வரும் உதாரணம். இருக்கட்டும். கேள்விக்குக் கேள்வியே விடையாகலாம் என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. தேர்வுத்தாள் ஒப்புக்கொள்வதில்லை. 'எந்த அடிப்படையில் சார்?' என்று கேட்கும் மாணவன்தான் அந்த அறையிலேயே கேள்வியைச் சரியாகப் படித்தவன். அவனுக்குக் கிடைப்பது, 'பேசாம எழுதுப்பா.'

சரி, சாட்டிங்குக்கு வரலாம். அங்கே கேள்விக்குக் கேள்வி கேட்க யாரும் தடை போடவில்லை. நினைத்த நொடியில் கேட்கலாம். ஆனாலும் யாரும் கேட்பதில்லை. பரீட்சை ஹாலில் கற்ற கெட்ட பழக்கம் போலிருக்கிறது :-)

அந்தச் சிரிப்புக் குறிக்கே இப்படி ஒரு கதை இருக்கிறது. நாணயக் கேள்வி வந்த அதே 1982, செப்டம்பர் மாதம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையினர் கணினி வழியாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அறுந்து விழும் லிஃப்டுக்குள் எரிகிற மெழுகுவர்த்தியும் ஒரு சொட்டு பாதரசமும் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு புதிர். அதைத் தொடர்ந்து ஒருவர் விளையாட்டாக, இந்தச் சோதனையால் லிஃப்டில் பாதரசம் கலந்துவிட்டது, ஜாக்கிரதை என்று எழுதினார். சிலர் நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்ட ஸ்காட் ஃபால்மன் செப்டம்பர் 19ஆம் தேதி சொன்ன யோசனைதான் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி சேர்ந்த :-) என்ற முகம். ஒரு புதிரில் தொடங்கிய அரட்டையில் கிடைத்த மருந்து! எழுதுகிறவன்தான் தன் அர்த்தத்தைத் தெளிவாக்க வேண்டும் என்பதை அந்த மூன்று குறிகள் ஒத்துக்கொண்டன.

அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் எமோஜிகள் வந்துவிட்டன. குழப்பம் தீர்ந்ததா? ராத்திரி 12.20க்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் 'அசைன்மென்ட் நாளைக்கு சப்மிட் பண்ணணும்' என்று ஒரு செய்தி வருகிறது. நாளை என்றால் எது? தூங்கி எழுந்தால் வரும் காலையா, தேதிப்படி அதற்கு அடுத்த நாளா? இருவேறு மாதிரிப் புரிந்துகொண்டவர்கள் இருவேறு நாளில் போய் நிற்பார்கள். திட்டு வாங்குவது படித்தவர்கள்தான், எழுதியவர் அல்ல.

'சினிமாவுக்கு வர்றியா?' 'பார்க்கலாம்.' இது சம்மதமா, மழுப்பலா, 'போய்ட்டு வா, அப்புறம் சந்திக்கலாம்' என்பதா? 'சரி' என்று ஒரு சொல் வந்தால் அது ஒப்புதலா, கோபமா? நேரில் பேசினால் குரலும் முகமும் சொல்லிவிடும். திரையில் இரண்டும் இல்லை.

2005ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றைச் சீரியஸாகவும் ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். நூற்றுக்குச் சுமார் 78 சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 56. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலே 50 வருமே! எழுதும்போது தன் குரல் தன் காதில் கேட்கிறது, அது எதிராளிக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கேள்வித்தாள் தயாரிப்பவருக்கும் அதே வியாதிதான். தன் மனசில் இருக்கும் விதி தாளிலும் இருப்பதாக அவர் நினைத்துக்கொள்கிறார்.

இந்த இரண்டு வியாதியும் சேர்ந்து வரும் இடம், '99 சதவீதம் பேர் தோற்றுவிடுவார்கள், ஜீனியஸ்கள் மட்டும் முயற்சி செய்யுங்கள்' என்று சுற்றி வரும் புதிர்கள். 2019ல் 8÷2(2+2) என்று ஒன்று உலகத்தையே சுற்றியது. 16 என்று ஒரு கூட்டம், 1 என்று ஒரு கூட்டம். அடைப்புக்குறியை இன்னும் ஒரு இடத்தில் போட்டிருந்தால் சண்டையே இல்லை. போடவில்லை. போடாததால்தான் அது 'புதிர்'. ஒழுங்காக எழுதத் தெரியாததை எழுதிவிட்டு, படிக்கிறவனை மக்கு என்பது என்ன நியாயம்?

ஆகவே கேட்க வேண்டியது மூன்றே மூன்று. கேள்வி தயாரிப்பவர்கள் வெளியில் அனுப்பும் முன் நாலு பேரிடம் கொடுத்து, வேறு விடைக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வேறு விடை வந்தால் காரணத்தைக் கேட்கட்டும், காரணம் சரியென்றால் மார்க் போடட்டும். சாட்டில் ஒரு வார்த்தை உறுத்தினால், பிளாக் பண்ணுவதற்கு முன்னால் 'நீ என்ன அர்த்தத்துல சொன்ன?' என்று ஒரு வரி கேட்கட்டும்.

அந்தக் கடைசி பெஞ்ச் பெண்ணின் 7, ஒருநாளும் தப்பான விடை இல்லை. அவளிடம் 'எப்படி?' என்று யாரும் கேட்காததுதான் தப்பு.

உங்களுக்கு 1, 2, 4க்கு அப்புறம் வேறு எண் தோன்றுகிறதா? பின்னூட்டத்தில் போடுங்கள். காரணத்தோடு!